எல்லோரும் பார்த்த கைகள்... யாரும் பார்க்காத இதயம்!

(இயந்திரவியல் துறை, இரண்டாமாண்டு மாணவன்)



முதலிலேயே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் பாஸ்கெட்பால் ஆடுகிறவன் இல்லை. நம்ம டீமுக்கு ஸ்கோர் ஷீட் எழுதுகிறவன். முதலாண்டு சேர்ந்த புதிதில் நானும் ஆசையாய் செலக்‌ஷனுக்குப் போய் வரிசையில் நின்றேன். பிசிக்கல் டைரக்டர் சார் பந்தைக் கொடுத்து, இடது கையால் மட்டும் தட்டிக்கொண்டு எதிர்க்கோடு வரை போய்த் திரும்பி வரச் சொன்னார். பந்து ஒரு பக்கம் போச்சு, நான் ஒரு பக்கம் போனேன். சீனியர்ஸ் எல்லாம் சிரிச்சாங்க. சார் மட்டும் சிரிக்கவில்லை. பேனாவைக் கையில் கொடுத்து மேஜைப் பக்கம் உட்கார வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் கிரவுண்டில் உட்கார்ந்து சார் ஒரு கதை சொன்னார். எது வலது கை, எது இடது கை என்று பார்க்கிறவனுக்கே தெரியாதபடி பந்து தட்டிய ஒரு அமெரிக்கப் பையனின் கதை. அவன் பெயர் பீட் மாராவிச். அவனுக்குப் பட்டப்பெயர் பிஸ்டல் பீட். அன்றிலிருந்து அந்த மனிதரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டே இருக்கிறேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

எஃகு ஆலை ஊர்

பென்சில்வேனியா மாநிலத்தில் ஓஹையோ ஆற்றங்கரையில் அலிக்விப்பா என்று ஒரு ஊர். அங்கே ஜோன்ஸ் அண்ட் லாக்லின் என்ற பெரிய எஃகு ஆலை இருந்தது. ஊரே அந்த ஆலையை நம்பித்தான். ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் நிறைய. அப்படி வந்த ஒரு செர்பியக் குடும்பத்தில் 1915-ல் பிறந்தவர் பீட்டின் அப்பா. சிறுவனாக இருந்தபோது பிட்ஸ்பர்க் பிரஸ் என்ற பத்திரிகையைத் தெருத்தெருவாக விற்றார். அதனால் பிரஸ் என்பதே அவர் பெயராகிப் போச்சு. பிரஸ் மாராவிச்.

அந்த ஊர்ப் பையன்கள் பலருக்கும் முன்னால் இருந்த வழி ஒன்றுதான், ஆலை வாசல். பிரஸ்ஸுக்கு இன்னொரு வழியைத் திறந்துவிட்டது பாஸ்கெட்பால். பந்து ஆடத் தெரிந்ததால் மேற்கு வர்ஜீனியாவில் டேவிஸ் அண்ட் எல்கின்ஸ் கல்லூரிக்குப் போனார். இரண்டாம் உலகப் போரில் கடற்படை விமானியாக இருந்தார். திரும்பி வந்து, 1946-47-ல் பிட்ஸ்பர்க் அயர்ன்மென் என்ற தொழில்முறை அணியில் ஆடினார். ஒரே சீசனில் அந்த அணியை மூடிவிட்டார்கள். அவருக்கும் வயது முப்பதைத் தாண்டிவிட்டது. ஆட்டக்காரனாகப் பெயர் வாங்கும் காலம் கையை விட்டுப் போச்சு. அதன்பின் கோச் வேலைக்கு வந்தார்.

அதே 1947-ல், ஜூன் 22 அன்று பீட் பிறந்தான். தனக்குக் கிடைக்காததை மகனுக்கு வாங்கித் தர அப்பா முடிவு செய்துவிட்டார். நண்பர்களே, இந்த இடம் நம்மில் பல பேருக்கு விளக்கம் இல்லாமலே புரியும்.

வீட்டு முற்றத்தில் முதல் செலக்‌ஷன்

அமெரிக்காவில் ஒரு வழக்கம் உண்டு. ஹைஸ்கூலில் நன்றாக ஆடுகிற பையன்களைப் பார்ப்பதற்காகக் கல்லூரிகள் ஆள் அனுப்பும். கோச்சோ, உதவிக் கோச்சோ வந்து கேலரியில் உட்கார்ந்து குறிப்பு எடுப்பார். பிடித்துப்போனால் கடிதம் வரும், அப்புறம் வீட்டுக்கே வந்து அப்பா அம்மாவிடம் பேசுவார்கள். படிப்பு, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் ஸ்காலர்ஷிப். அப்படிப் பார்க்க வருகிறவரை ஸ்கவுட் என்பார்கள். நம்ம ஊரில் பெண் பார்க்கப் போவது மாதிரி என்று சார் சொல்லிச் சிரிப்பார்.

பீட்டைப் பார்த்த முதல் ஸ்கவுட் அவனுடைய அப்பாதான். ஆட வா என்று அவர் பையனைக் கூப்பிடவே இல்லை. அவன் பார்க்கும்படி முற்றத்தில் நின்று தானே கூடையில் பந்து போட்டுக்கொண்டிருப்பார். பையன் வேடிக்கை பார்ப்பான். இவர் கண்டுகொள்ள மாட்டார். கடைசியில் எனக்கும் ஒரு தடவை கொடுங்கள் என்று பையனே வந்து கேட்டான். தூண்டிலில் மீன் மாட்டியாச்சு! அப்போது அவனுக்கு ஏழு வயதுதான் இருக்கும்.

அதன்பிறகு நடந்ததைப் படித்தால் வியப்பும் வரும், கொஞ்சம் பயமும் வரும். சைக்கிள் ஓட்டிக்கொண்டே பந்து தட்டுவான். கண்ணைக் கட்டிக்கொண்டு தட்டுவான். சினிமா தியேட்டரில் நடைபாதை ஓரத்து சீட்டாகப் பார்த்து உட்கார்ந்து, படம் ஓடும்போதே பக்கத்தில் தட்டுவான். அப்பா காரை ஓட்ட, பையன் கார்க் கதவு வழியாகக் கையை நீட்டி ரோட்டில் தட்டிக்கொண்டே வருவான். அப்பா வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார். பையன் கை அதற்கு ஈடு கொடுக்கணும். ராத்திரி படுக்கையில் மல்லாந்து படுத்து, விரல் நுனியால் பந்தை மேலே சுண்டிச் சுண்டிப் பிடிப்பான். தூங்கும்போதும் பந்து பக்கத்திலேயே. இந்தப் பயிற்சிகளை அப்பாவும் மகனும் பின்னாளில் வீட்டுப்பாடம் என்றே அழைத்தார்கள். நாம ரெக்கார்டு நோட்டைக் கடைசி நாள் ராத்திரியில் எழுதுகிறோமே, அந்த மாதிரி வீட்டுப்பாடம் இல்லை. வருஷம் முந்நூற்று அறுபத்தைந்து நாளும்.

பிரஸ் 1956-லிருந்து 1962 வரை தெற்கு கரோலினாவில் கிளெம்சன் கல்லூரிக்குக் கோச். பீட் பக்கத்திலிருந்த டேனியல் ஹைஸ்கூலில் படித்தான். எட்டாம் வகுப்பிலேயே பெரிய பையன்களின் பள்ளி அணியில் சேர்த்துக்கொண்டார்கள். ஒல்லிக்குச்சி உடம்பு. தலைக்கு மேல் தூக்கிப் போட பலம் போதாது. அதனால் இடுப்புப் பக்கத்திலிருந்தே பந்தைக் கூடைக்கு விட்டான். பார்த்தவர்களுக்கு உறையிலிருந்து துப்பாக்கியை உருவிச் சுடுகிற மாதிரி இருந்தது. பிஸ்டல் என்ற பெயர் அப்படி வந்தது.

ஒரு கார்டிடம் என்ன பார்ப்பார்கள்?

பீட் ஆடியது கார்டு என்ற இடத்தில். பாஸ்கெட்பால் தெரியாத நண்பர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். நடுவில் நிற்கிற நெட்டை ஆள் சென்டர். இரண்டு பேர் பார்வர்டு. மீதி இரண்டு பேர் கார்டு. பந்தைத் தன் பாதியிலிருந்து எதிர்ப் பாதிக்கு ஏற்றிக்கொண்டு போவதும், யாருக்கு எப்போது கொடுப்பது என்று முடிவு செய்வதும் கார்டின் வேலை. பஸ்ஸுக்கு டிரைவர் மாதிரி.

நெட்டையான பையனைத் தேர்ந்தெடுக்க டேப் போதும். கார்டைத் தேர்ந்தெடுக்கக் கண் வேணும். தட்டும்போது தலை நிமிர்ந்திருக்கிறதா, பந்தையே குனிந்து பார்க்கிறானா? இடது கை வேலை செய்கிறதா? காலியாக நிற்கிற கூட்டாளியை முன்கூட்டியே கண்டுபிடிக்கிறானா? பந்து பறிபோனால் திரும்பி ஓடித் தடுக்கிறானா, கையை உதறிக்கொண்டு நிற்கிறானா? கோச் வெளியே எடுத்து உட்கார வைத்தால் முகம் எப்படி மாறுகிறது? இதையெல்லாம் ஸ்கவுட் எழுதுவார். அப்புறம் வகுப்பு மார்க்கையும் கேட்டு வாங்குவார்.

இந்தக் கணக்குப்படி பீட்டைப் பார்த்தால், மேலே உள்ளவை எல்லாம் நூற்றுக்கு நூறு. பந்தைப் பார்க்கவே மாட்டான். முதுகுக்குப் பின்னால் பாஸ், கால்களுக்கு நடுவே பாஸ், ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு மறு பக்கம் பாஸ். ஆனால் கீழே வர வர மார்க் குறையும். தடுப்பாட்டம் சுமார். உடம்பு ஒல்லி. தோல்வியைத் தாங்க மாட்டான். படிப்போ பிடிக்கவே பிடிக்காது.

யு.சி.எல்.ஏ. கல்லூரியின் பெரிய கோச் ஜான் உட்டன், பிரஸ்ஸுக்கு நண்பர். பையனின் வித்தைகளைப் பார்த்து அவர் வியந்தார். கூடவே, இதற்குச் செலவழித்த நேரத்தில் தடுப்பாட்டத்துக்குக் காலை எப்படி நகர்த்துவது என்று கற்றிருக்கலாமே என்ற சந்தேகத்தையும் பிரஸ்ஸிடம் கேட்டார். பிரஸ்ஸின் கணக்கு வேறு. பத்து லட்சம் டாலர் சம்பளம் வாங்கும் முதல் ஆட்டக்காரனாகத் தன் மகன் வரணும் என்பதே அவர் கணக்கு.

800 என்ற கோடு

1962-ல் பிரஸ் வடக்கு கரோலினாவில் ராலி நகரத்துக்கு மாறினார். நார்த் கரோலினா ஸ்டேட் கல்லூரியில் எவரெட் கேஸ் என்ற பெயர்பெற்ற கோச்சுக்கு உதவியாளர் வேலை. கேஸ் உடல்நலம் குன்றி விலகியதும், 1964-65 சீசனின் நடுவிலேயே பிரஸ் தலைமைக் கோச் ஆனார். அதே சீசனில் அட்லாண்டிக் கோஸ்ட் கான்பரன்ஸ் பட்டத்தையும் வென்றார். பீட் அந்த ஊரில் பிராட்டன் ஹைஸ்கூலில் ஆடி 1965-ல் படிப்பை முடித்தான்.

அப்பாவே கோச். கல்லூரியும் அதே ஊர். நேரே சேர்ந்துவிட வேண்டியதுதானே? முடியவில்லை. அந்தக் கான்பரன்ஸ் கல்லூரிகளில் ஆட ஸ்காலர்ஷிப் வேண்டுமென்றால் எஸ்.ஏ.டி. என்ற நுழைவுத் தேர்வில் 800 எடுக்கணும் என்று விதி. பீட் அந்தக் கோட்டை எட்டவில்லை. மாநிலத்திலேயே பேர் போன கார்டு, ஒரு பேப்பரில் நின்றுவிட்டான்!

அப்பா அவனை சேலம்பர்க் என்ற சின்ன ஊரில் எட்வர்ட்ஸ் மிலிட்டரி இன்ஸ்டிட்யூட் என்ற உறைவிடப் பள்ளிக்கு அனுப்பினார். கூடப் படித்தவர்களெல்லாம் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். இவன் மட்டும் சீருடை போட்டுக்கொண்டு ஒரு வருஷம் மறுபடியும் பாடம். அங்கே இருக்க அவனுக்குத் துளியும் பிடிக்கவில்லை. ஆனாலும் ஆட்டம் நிற்கவில்லை, எடையும் கொஞ்சம் ஏறியது. அவன் வாழ்க்கையை எழுதியவர்கள் இந்த வருஷத்தை இரண்டு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் மட்டும் இந்த இடத்தில் நின்றுவிட்டேன். அரியர் வைத்தவனுக்குத்தான் அந்த வருஷத்தின் நீளம் தெரியும்.

கோச் வேணுமா? மகனும் வருவான்!

1966-ல் பீட்டுக்குக் கல்லூரி தேர்ந்தெடுக்கிற நேரம் வந்தது. அவன் மனசு மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் மேல். ஜெர்ரி வெஸ்ட் என்ற மகத்தான கார்டு ஆடிய கல்லூரி அது. அதே சமயத்தில் தூரத் தெற்கில், பேட்டன் ரூஜ் நகரத்தில் இருக்கும் லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டி பிரஸ்ஸைக் கோச்சாகக் கூப்பிட்டது. எல்.எஸ்.யு. என்பார்கள். அமெரிக்கன் புட்பாலுக்காக உயிரை விடுகிற ஊர் அது. பாஸ்கெட்பாலை அங்கே கவனிக்க ஆளில்லை. மாட்டுக் கண்காட்சியும் குதிரை வேடிக்கையும் நடக்கிற விவசாயக் கட்டிடத்தில்தான் மேட்ச். அப்படிப்பட்ட கல்லூரி ஏன் பிரஸ்ஸை விரும்பிக் கூப்பிட்டது? அவர் வந்தால் பின்னாலேயே மகனும் வருவான் என்ற எதிர்பார்ப்பில்தான்.

எல்.எஸ்.யு. வேண்டாம் என்றான் பீட். அப்பா விடவில்லை. வேறு கல்லூரியில் கையெழுத்துப் போட்டால் வீட்டுப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். ஏழு வயதிலிருந்து அப்பாவின் குரலுக்கே பந்து தட்டியவன் வேறு என்ன செய்வான்? கையெழுத்துப் போட்டான்.

நண்பர்களே, இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லியாகணும். அந்தக் காலத்தில் தென் மாநிலக் கல்லூரிகளின் ஸ்கவுட்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரப் பையன்களை மட்டுமே பார்த்தார்கள். எவ்வளவு நல்ல கார்டாக இருந்தாலும் கறுப்பினத்தவன் என்றால் அவர்கள் நோட்டில் பேர் ஏறாது. எல்.எஸ்.யு. இருந்த கான்பரன்ஸில் முதல் கறுப்பின ஆட்டக்காரரான பெர்ரி வாலஸ் வான்டர்பில்ட் கல்லூரிக்காகக் களம் இறங்கியது 1967-ல்தான். எல்.எஸ்.யு.வில் முதல்வரான காலிஸ் டெம்பிள் ஆடியது 1971-ல், அதாவது பீட் படிப்பை விட்டுப் போன பிறகு. பீட் குவித்த புள்ளிகளைப் படிக்கும்போதெல்லாம், அந்த கிரவுண்டுக்குள்ளேயே விடப்படாத பையன்களையும் நான் நினைத்துக்கொள்வேன். வாசலில் நிறுத்தப்பட்டவன் எத்தனை புள்ளி எடுத்திருப்பான் என்று எந்த ஸ்கோர் ஷீட்டிலும் இருக்காது.

3,667

அந்நாளைய விதிப்படி முதலாண்டு மாணவன் கல்லூரியின் பெரிய அணியில் ஆட முடியாது. அதனால் பீட் 1966-67-ல் முதலாண்டு அணிக்கு ஆடினான். ஒரு மேட்சுக்குச் சராசரி 43.6 புள்ளி. 18 மேட்ச், 17 வெற்றி. அதே சீசனில் அப்பா நடத்திய பெரிய அணி 26 மேட்சில் மூன்றே மூன்றுதான் ஜெயித்தது. ஜனங்கள் முதலில் நடக்கிற முதலாண்டு மேட்சைப் பார்த்துவிட்டு, பெரியவங்க ஆட்டம் ஆரம்பிக்கும்போது எழுந்து போய்விடுவார்களாம்!

அடுத்த மூன்று வருஷமும் ஸ்கோர் எழுதுகிறவன் கை வலிக்கிற வருஷங்கள். 1,138... 1,148... 1,381. கூட்டினால் 83 மேட்சில் 3,667 புள்ளி. சராசரி 44.2. தூரத்திலிருந்து போட்டால் மூன்று புள்ளி தருகிற கோடு அப்போது கல்லூரி ஆட்டத்தில் கிடையாது. எவ்வளவு தூரத்திலிருந்து விழுந்தாலும் இரண்டுதான். 50-க்கு மேல் அடித்த மேட்சுகள் மட்டும் 28. 1970 பிப்ரவரியில் அலபாமா அணிக்கு எதிராக 69. கணுக்காலில் தொளதொளவென்று சரிந்து கிடக்கும் சாக்ஸ், நெற்றியில் புரளும் முடி, இதையெல்லாம் பார்க்கவே ஊர் ஊராக ஆட்கள் வந்தார்கள்.

ஸ்கோர் எழுதுகிறவன் இன்னொரு பக்கத்தையும் பார்க்கணும் இல்லையா? ஒரு மேட்சுக்கு அவர் கூடையை நோக்கிப் பந்து விட்டது சராசரியாக 38 தடவை. மீதி நான்கு பேருக்கு என்ன மிஞ்சும்? அந்த மூன்று வருஷத்தில் அணி ஆடிய 84 மேட்சில் ஜெயித்தது 49. தேசிய அளவில் பெரிய போட்டியான என்.சி.ஏ.ஏ.வுக்கு ஒரு தடவைகூடத் தகுதி பெறவில்லை. கோச்சே அப்பா. பந்தைப் பாஸ் பண்ணுடா என்று யார் அதட்டுவது? பேருக்குக் கோச், உள்ளுக்குள் கனவு கண்டுகொண்டிருக்கிற தகப்பன். மகன் ஒவ்வொரு தடவை பந்து விடும்போதும் பிட்ஸ்பர்க் அயர்ன்மெனில் முடிந்துபோன தன் ஆட்டத்தைத்தான் அவர் தொடர்ந்து ஆடிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த 3,667 எவ்வளவு பெரிய எண் என்று பின்னால்தான் தெரிந்தது. 2023-ல் டெட்ராய்ட் மெர்சி கல்லூரியின் கார்டு ஆன்டுவான் டேவிஸ், ஐந்து சீசன் ஆடி, மூன்று புள்ளிக் கோடும் இருந்து, 3,664-ல் நின்றார். வெறும் மூன்று புள்ளி பாக்கி! 2024 மார்ச் 3 அன்று அயோவா பல்கலைக்கழகத்தின் கெய்ட்லின் கிளார்க் அந்த எண்ணைத் தாண்டினார். பெண்கள் ஆட்டத்தில் ஆடிய அவரும் ஒரு கார்டுதான். ஆண்கள் பட்டியலில் மூன்றே வருஷத்தில் பீட் வைத்துவிட்டுப் போன எண்தான் 2024-லும் முதலிடத்தில் இருந்தது.

லட்சங்கள் வந்தன, நிம்மதி வரவில்லை

1970-ல் தொழில்முறை என்.பி.ஏ. அணிகள் ஆள் எடுத்தபோது, மூன்றாவது ஆளாக அட்லாண்டா ஹாக்ஸ் அவரை எடுத்தது. சுமார் 19 லட்சம் டாலர் ஒப்பந்தம். அப்பாவின் கணக்கு பலித்துவிட்டது, இரட்டிப்பாகவே பலித்தது! ஆனால் வருஷக்கணக்காக உழைத்த மூத்த ஆட்டக்காரர்கள், ஒரு மேட்ச்கூட ஆடாத பையனுக்கு இவ்வளவா என்று முகம் சுளித்தார்கள். 1974-ல் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் அணிக்கு மாறினார். அதே வருஷம் தாய் ஹெலன் தற்கொலை செய்துகொண்டார். அந்த அடியிலிருந்து அவர் எளிதில் மீளவில்லை. குடிப்பழக்கமும் துரத்திக்கொண்டே வந்தது.

ஆட்டத்தில் குறையில்லை. 1976-77 சீசனில் சராசரி 31.1 எடுத்து என்.பி.ஏ.வில் முதலிடம். 1977 பிப்ரவரி 25 அன்று நியூயார்க் நிக்ஸ் அணிக்கு எதிராக ஒரே மேட்சில் 68. ஒரு கார்டு அதுவரை எடுத்ததில் அதுவே அதிகம். மறு வருஷம் முழங்கால் போச்சு. 1980-ல் பாஸ்டன் செல்டிக்ஸுக்கு வந்தார். அந்த வருஷமே விலகினார். அவர் விலகிய அடுத்த சீசனில் 1981-ல் பாஸ்டன் சாம்பியன் ஆனது. பத்து சீசன், 15,948 புள்ளி, ஒரு பட்டம்கூட இல்லை.

விலகிய பிறகு இரண்டு வருஷம் யாரையும் பார்க்காமல் வீட்டுக்குள் அடைந்து கிடந்தார். பந்தைத் தொட்டுப் பார்க்கவே வெறுப்பாம். ஏழு வயதிலிருந்து பந்தோடு தூங்கியவருக்கு! பிறகு 1982-ல் கிறிஸ்தவ நம்பிக்கையில் ஆறுதல் கிடைத்து மெல்ல வெளியே வந்தார். சின்னப் பையன்களுக்கு முகாம் நடத்தினார். அப்பாவுக்குப் புற்றுநோய் வந்தபோது மகன்தான் கூட இருந்து பார்த்துக்கொண்டார். 1987 ஏப்ரலில் பிரஸ் கண்ணை மூடினார். அடுத்த மாதமே பீட்டுக்குப் புகழ் மண்டபத்தில் இடம் கிடைத்தது. அப்பா வாழ்நாளெல்லாம் காத்திருந்த அந்த நாளைப் பார்க்க அப்பா இல்லை.

இல்லாத குழாய்

1988 ஜனவரி 5. கலிபோர்னியாவில் பாசடீனா நகரம். ஒரு தேவாலயத்தின் ஆட்டக்கூடத்தில் காலை நேரத்தில் நண்பர்களோடு சும்மா ஆடிக்கொண்டிருந்தார். டிக்கெட் இல்லை, ஸ்கோர் போர்டு இல்லை. இடைவேளையில் பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வயது 40.

பிரேதப் பரிசோதனையில் தெரிந்த விஷயம் டாக்டர்களையே திகைக்க வைத்தது. இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோக எல்லோருக்கும் இடமொன்று வலமொன்று என்று இரண்டு குழாய்கள் உண்டு. அவருக்கு இடது குழாய் பிறவியிலேயே இல்லை! வலது குழாய் ஒன்றே பெரிதாகி இரண்டின் வேலையையும் செய்திருக்கிறது. மெக்கானிக்கல் பாஷையில் சொன்னால், இரண்டு டெலிவரி லைன் இருக்க வேண்டிய பம்பு, ஒரே லைனில் நாற்பது வருஷம் ஓடியிருக்கிறது. இப்படிப் பிறந்தவர்கள் இளம் வயதைத் தாண்டுவதே அபூர்வமாம். இவர் எத்தனை ஆயிரம் மைல் ஓடியிருப்பார்!

எத்தனை கண்கள் அந்த உடம்பைப் பார்த்தன! அப்பா, பள்ளிக் கோச்சுகள், கல்லூரிக்காரர்கள், என்.பி.ஏ. அணிகள், அவர்களுடைய டாக்டர்கள், லட்சக்கணக்கான ரசிகர்கள். உயரம் அளந்தார்கள், எடை பார்த்தார்கள், கை வேகத்தை எழுதினார்கள், 800-க்கு எத்தனை குறைவு என்று கணக்கிட்டார்கள். உள்ளே எது இல்லை என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை.

அவர் இறந்த அதே 1988-ல், எல்.எஸ்.யு. தன் பெரிய அரங்கத்துக்கு அவர் பெயரை வைத்தது. அவர் ஆட்டத்தைப் பார்க்க வந்த கூட்டத்தால்தான் அப்படி ஒரு அரங்கம் வேணும் என்ற எண்ணமே பலமாச்சு. ஆனால் அது திறந்தது 1972-ல். கல்லூரிக்காக அதில் ஒரு மேட்ச்கூட ஆட அவருக்கு வாய்க்கவில்லை. 1996-ல் என்.பி.ஏ. தன் ஐம்பது தலைசிறந்த ஆட்டக்காரர்களை அறிவித்தபோது, அந்த ஐம்பது பேரில் உயிரோடு இல்லாதவர் அவர் ஒருவர்தான்.

கடைசியாக ஒரு வார்த்தை

ஏன் இவரையே சுத்துகிறேன் என்று சொல்வதாகச் சொன்னேன்.

எங்க அப்பா நூல் மில்லில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். எங்க வீட்டில் பத்தாவதைத் தாண்டி வந்த முதல் ஆள் நான்தான். எனக்கு மெக்கானிக்கல் எடுத்தது அப்பா. நான் வேறு ஒன்று கேட்டேன், அது இருக்கட்டும். மில்லில் மெஷின் நின்றுபோனால் மேலதிகாரிகளே ஒதுங்கி நின்று வழிவிடுகிற ஆள் மெக்கானிக் என்பதை அவர் இருபது வருஷமாகப் பார்த்திருக்கிறார். அதனால் மகனும் அப்படி ஆகணும். டீக்கடையில் என்னை இன்ஜினியர் என்றே சொல்லி வைத்திருக்கிறார். பிரஸ் மாராவிச் மேல் கோபப்பட நினைக்கும்போதெல்லாம் எனக்கு எங்க அப்பாவின் பஞ்சு ஒட்டிய சட்டை ஞாபகம் வந்துவிடும். கோபம் பாதியில் நின்றுபோகும். அந்த மனுஷனுக்கும் ஆலை வாசல் தெரிந்திருக்கும், இவருக்கும் தெரியும். பிள்ளை அந்த வாசலில் ஷிப்டுக்காகக் காத்து நிற்கக்கூடாது என்பதுதானே இரண்டு பேருக்கும்?

அடுத்த வருஷம் நமக்கெல்லாம் கேம்பஸ் இன்டர்வியூ வரும். நம்மைப் பார்க்க ஸ்கவுட்டுகள் வருவார்கள். மார்க் ஷீட்டைப் பார்ப்பார்கள், அரியர் உண்டா என்று கேட்பார்கள், இங்கிலீஷில் பேசச் சொல்வார்கள். அது அவர்கள் வேலை. குறை சொல்ல முடியாது. எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அவர்கள் எழுதிக்கொண்டு போகிற தாள் நம்முடைய முழுக் கணக்கு இல்லை. 3,667 என்று எழுதிய தாளிலேயே ஒரு மனுஷனின் இதயம் விடுபட்டுப் போயிருக்கிறது. பக்கத்தில் இருக்கிறவங்களே பார்த்துக் கேட்டால்தான் உண்டு. ஆகவே நண்பர்களே, ஹாஸ்டலில் ஒருத்தன் நாலு நாளாய் மெஸ்ஸுக்கு வரவில்லை என்றால் போய்க் கதவைத் தட்டுங்கள். அவனாகச் சொல்ல மாட்டான்.

நானும் ஒன்று சொல்லாமல்தான் வைத்திருக்கிறேன். முதலாண்டு கணக்குப் பாடத்தில் எனக்கு ஒரு அரியர் நிற்கிறது. இரண்டு தடவை எழுதியாச்சு. வீட்டில் தெரியாது. எல்லாம் பாஸ் என்றுதான் அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார். அவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆனால் என் எழுத்து அச்சில் வந்திருக்கிறது என்றால் இந்த மலரை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விடமாட்டார். இந்த வரிக்கும் வந்து சேருவார்.

அதனால் மலர் கைக்கு வருவதற்கு முன்னால், வரும் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன். அன்று அப்பாவுக்கு ராத்திரி ஷிப்ட். பகலில் வீட்டில்தான் இருப்பார். நானே சொல்லிவிடுகிறேன்.